ஒரு ஊசிக்கு ஒரு கேள்வி

முதல்லயே கருத்தைச் சொல்லிடறேன், அப்புறம் சாவகாசமா சண்டை போடலாம். ஒரு குழந்தை உடம்புல குத்துற ஒவ்வொரு ஊசிக்குப் பின்னாடியும் ஒரு கேள்வி இருக்கணும். பதில் 'ஆமா'ன்னு வந்தா என்ன செய்வோம், 'இல்லை'ன்னு வந்தா என்ன செய்வோம்னு குத்துறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். எது வந்தாலும் செய்யப்போறது ஒண்ணுதான்னா அந்த ஊசி தேவையில்லை. "எதுக்கும் ஒரு தடவை பார்த்துடுவோமே"ங்கிறது கேள்வி இல்லை, அது மனசு சமாதானம். அந்தச் சமாதானம் பெரியவங்களுக்கு, வலி மட்டும் பிள்ளைக்கு.

இதுல என்னய்யா பெரிய தத்துவம்னு கேட்கலாம். குடல்ல நாள்பட்ட நோய் இருக்கிற ஒரு குழந்தைக்கு "ஃபுட் அலர்ஜி பேக்கேஜ் எடுத்துப் பாருங்களேன்"னு நாலு பக்கமும் யோசனை வரும்போது, முதல்ல காத்துல பறக்குறது இந்தச் சின்ன விஷயம்தான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பெங்களூர்ல பொட்டி தட்டுற சாதாரணப் பொறியாளன். இங்க எழுதறது என் கருத்தும், கொஞ்சம் படிச்சதும், டாக்டர்கிட்ட கேட்டதும். இதைப் படிச்சிட்டு யாரும் மருந்தையோ டெஸ்டையோ தானா நிறுத்திடாதீங்க சாமி.

*

எங்க அக்கா பையனுக்கு ஒன்பது வயசு. முறைப்படி எனக்கு மருமகன். ஏழு வயசுல வயித்துவலி, பேதி, எடை ஏறாம அப்படியே நிக்கிறதுன்னு ஆரம்பிச்சது. ஏகப்பட்ட அலைச்சலுக்கு அப்புறம் குடலுக்குள்ள ஸ்கோப் விட்டுப் பார்த்து 'க்ரோன்ஸ்'னு சொன்னாங்க. 1932-ல நியூயார்க்ல க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர்னு மூணு டாக்டருங்க சேர்ந்து எழுதின கட்டுரையால வந்த பேரு. கூட எழுதின ரெண்டு பேரை உலகம் மறந்துடுச்சு, முதல் பேரு மட்டும் நோய்க்கு நின்னுடுச்சு.

நம்மளைக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்பு சக்தி, குடலையே எதிரியா நினைச்சு அடிக்கிற நோய். வாய்லேர்ந்து ஆசனவாய் வரைக்கும் எங்க வேணும்னாலும் புண் வரலாம், சிறுகுடலோட கடைசிப் பகுதியில அதிகம். அடக்கி வைக்கலாம், வேரோட பிடுங்க முடியாது. குழந்தைகளுக்கு வந்தா வளர்ச்சியையும் சேர்த்து அடிக்கும்.

இந்த நோய்க்கு ஊசி இல்லாம கதை நடக்காது. அசாதயோப்ரின் மாத்திரை கொடுத்தா ரத்த அணுக்களும் கல்லீரலும் ஒழுங்கா இருக்கான்னு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கணும். இன்ஃப்ளிக்ஸிமாப் ஆரம்பிச்சா முதல் நாள், ரெண்டாவது வாரம், ஆறாவது வாரம், அப்புறம் எட்டு வாரத்துக்கு ஒருக்கா நரம்புல ட்ரிப். அடாலிமுமாப்னா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தோலுக்கு அடியில ஊசி. ஒன்பது வயசுப் பையனுக்கு இது ஒரு மாசக் கணக்கு இல்லை, பல வருஷக் கணக்கு.

இந்த ஊசிகளுக்கெல்லாம் கேள்வி உண்டு. இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி மருந்து கொடுக்கிறதுக்கு முன்னாடி உடம்புல காசநோய்க் கிருமி ஒளிஞ்சிருக்கான்னு பார்க்கிறாங்க. இருந்தா இந்த மருந்து அதைக் கிளப்பி விட்டுடும். அதோட நம்ம ஊர்ல குடல் காசநோயும் க்ரோன்ஸும் பார்க்க ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும், வைத்தியமோ நேர் எதிர். தப்பாப் போனா உயிருக்கே ஆபத்து. அந்த ஊசிக்கு நான் எதிரி இல்லை. இன்னும் ரெண்டு குத்தச் சொன்னாலும் கையைப் பிடிச்சுக்க நான் வர்றேன்.

பையனுக்கு ஊசின்னா உயிர் போகிற பயம். ஆஸ்பத்திரி வாசல் தெரிஞ்சதுமே "இன்னைக்கு எத்தனை?"ன்னு கேட்பான். எதுக்குன்னு கேட்க மாட்டான், எத்தனைன்னு மட்டும்தான். அவனுக்குன்னு ஒரு ஊசி பட்ஜெட் இருக்கு மக்களே. நாம வீணாக்குற ஒவ்வொண்ணும் அந்த பட்ஜெட்லேர்ந்துதான் கழியுது. அநாவசியமா ஒண்ணு குத்திட்டோம்னா, அடுத்த வாரம் அவசியமா குத்த வேண்டியதுக்கு அவன் கை நீட்ட மாட்டான்.

*

சரி, மேட்டருக்கு வருவோம்.

வயித்துல நோய்னு சொன்னதுமே சொந்தபந்தம் எல்லாரும் டயட்டீஷியன் ஆயிடுவாங்க. "சாப்பாட்டுல எதோ ஒத்துக்கலை" - இதான் பல்லவி. சரணம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அத்தானோட பெரியம்மாவுக்குக் கத்திரிக்காய், மாடிவீட்டு அங்கிளுக்குப் பால், வாட்ஸப் குரூப்புக்கு மைதா. யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லலை. புள்ளை இளைச்சுக்கிட்டே போறதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியாம சொல்றாங்க.

அப்பதான் ஒரு லேப் நோட்டீஸ் அக்கா கைக்கு வந்தது. ஒரே தடவை ரத்தம், தொண்ணூறுக்கு மேல உணவு வகைக்கு ரிசல்ட். சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு சிக்னல் விளக்கு மாதிரி அட்டவணை. சிவப்பை விட்டுடணும், மஞ்சளைக் குறைக்கணும், பச்சையைச் சாப்பிடலாம். போன் பண்ணி விசாரிச்சா "ஒரே ஒரு ஊசிதான் மேடம், எல்லாம் தெரிஞ்சுடும்"னு பதில். அக்கா என்னைக் கூப்பிட்டா. "தம்பி, நீதான் இதெல்லாம் நோண்டி நோண்டிப் படிப்பியே, எடுக்கலாமாடா?"

எடுக்க வேண்டாம்க்கான்னு சொன்னேன். ஏன்னு கொஞ்சம் விலாவாரியா.

முதல்ல, அலர்ஜின்னா என்ன? நம்ம ஊர்ல ஒத்துக்காத எல்லாத்துக்கும் ஒரே பேரு அலர்ஜிதான். மாமியாரை ஒத்துக்கலைன்னாலும் அலர்ஜிதான் :-) ஆனா மருத்துவத்துல உடனே வர்ற உணவு அலர்ஜிங்கிறது பெரும்பாலும் ஐ.ஜி.ஈ-ன்னு ஒரு எதிர்ப்புப் புரதத்தோட வேலை. 1960-களோட கடைசியில அமெரிக்காவுல இஷிசாகா தம்பதியும், ஸ்வீடன்ல ஜொஹான்ஸன், பென்னிச் ரெண்டு பேரும் தனித்தனியா இதைப் பிடிச்சாங்க. 1968-ல உலக சுகாதார நிறுவனம் இந்தப் பேரை வச்சது. இந்த வகை அலர்ஜியில, சாப்பிட்ட சில நிமிஷத்துலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்புன்னு உடம்பு கத்திச் சொல்லிடும். ஒவ்வொரு தடவை அதைச் சாப்பிடும்போதும் பெரும்பாலும் அதே கூத்து நடக்கும்.

அந்த லேப் பார்க்கிறது ஐ.ஜி.ஈ இல்லை. ஐ.ஜி.ஜி. பேருல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனா ஆளே வேற. ஒரு சாப்பாட்டை நாம சாப்பிட்டுப் பழகியிருக்கோம்னா ரத்தத்துல அதுக்கு ஐ.ஜி.ஜி இருக்கிறது சகஜம். ஐ.ஜி.ஜி-யில நாலாவது வகை ஒண்ணு இருக்கு. அலர்ஜி இருக்கிற குழந்தைக்கு அதே உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்துப் பழக்கும்போது அது ஏறவே செய்யும். அதாவது உடம்பு அந்த உணவைப் பார்த்திருக்கு, பழகியிருக்குங்கிறதுக்கான அடையாளம். தினம் அரிசி சாப்பிடுற பையனுக்கு அரிசியில சிவப்பு வந்தா, அவன் அரிசி சாப்பிடுறான்னுதான் அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க அவங்க அம்மாகிட்ட கேட்டாலே போதுமே, ரத்தம் எதுக்கு?

இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்கள் சங்கத்தோட பணிக்குழு 2008-ல, உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இந்த ஐ.ஜி.ஜி நாலு டெஸ்டைப் பயன்படுத்தாதீங்கன்னு அறிக்கையே விட்டது. அமெரிக்காவுல இருக்கிற அலர்ஜி டாக்டர்கள் சங்கம் அதை ஆதரிச்சது. கனடா சங்கமும் 2012-ல அதையே சொன்னது. இவ்வளவுக்கு அப்புறமும் நோட்டீஸ் அச்சடிக்கிறவங்க அச்சடிச்சுக்கிட்டேதான் இருக்காங்க.

*

சரி, ஐ.ஜி.ஜி வேண்டாம், ஐ.ஜி.ஈ-யையே தொண்ணூறு சாப்பாட்டுக்குப் பார்த்துடலாமேன்னு ஒருத்தர் கேட்டார். இங்கதான் நம்ம பொட்டி தட்டுற மூளைக்கு வேலை.

சும்மா ஒரு கணக்குக்கு, ஒவ்வொரு சாப்பாட்டு டெஸ்டும் நூத்துக்கு அஞ்சு தடவை மட்டும் தப்பா 'இருக்கு'ன்னு சொல்லுதுன்னு வச்சுக்குவோம். எந்த அலர்ஜியும் இல்லாத ஒரு பையனுக்கு தொண்ணூறு டெஸ்ட் எடுத்தா சராசரியா நாலு அஞ்சு தப்பான சிவப்பு வரும். ஒண்ணுகூட வராம இருக்கிற வாய்ப்பு 0.95-ஐ 0.95-ஆலேயே தொண்ணூறு தடவை பெருக்கினா வர்றது. கால்குலேட்டர் எடுத்துப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட நூத்துல ஒண்ணு. அதாவது ஆரோக்கியமான பையன் நூறு பேர்ல தொண்ணூத்தொன்பது பேருக்கு ஏதாவது ஒண்ணு சிவப்பு. எல்லா டெஸ்டும் தனித்தனின்னு வச்சுப் போட்ட மோட்டாக் கணக்குதான், ஆனா விஷயம் புரியும்.

உண்மையில நிலைமை இன்னும் மோசம். ரத்தத்துல ஐ.ஜி.ஈ இருக்குங்கிறதுக்கும் சாப்பிட்டா அலர்ஜி வரும்ங்கிறதுக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கு. நிலக்கடலைக்கு பாசிட்டிவ் வந்துட்டு கடலைமிட்டாயைச் சத்தமில்லாம மென்னு முழுங்குற பசங்க ஏராளம். அதனாலதான் கடைசித் தீர்ப்பு எப்பவுமே டாக்டர் கண்ணு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிட வச்சுப் பார்க்கிற சோதனைக்குத்தான். கதை கேட்டு சந்தேகம் வந்த ஒண்ணு ரெண்டு உணவுக்கு மட்டும் டெஸ்ட் எடுத்தா அது துப்பறியறது. எல்லாத்துக்கும் எடுத்தா அது வலை வீசுறது.

நம்ம தொழில்ல எல்லாத்துக்கும் அலர்ட் வச்ச சர்வரைப் பார்த்திருப்பீங்க. ராத்திரி முழுக்க போன் அலறும். நாலாவது நாள் நிஜமாவே டிஸ்க் நிறையும்போது எவனும் எந்திரிக்க மாட்டான். அதே கதைதான். ஆனா சர்வருக்கு வலிக்காது.

*

இன்னொண்ணு, க்ரோன்ஸ் அலர்ஜியே இல்லை. இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆதாரம் ஒண்ணு இருக்கு.

குழந்தைகளுக்கு க்ரோன்ஸ் கிளம்பி ஆடும்போது அதை அடக்க ஐரோப்பிய வழிகாட்டிகள் முதல்ல சொல்றது ஸ்டீராய்டு இல்லை, ஒரு பானம். ஆறுலேர்ந்து எட்டு வாரம் வேற எந்தச் சாப்பாடும் இல்லாம அதை மட்டுமே குடிக்கணும். பசங்களுக்கு அது ஸ்டீராய்டு அளவுக்கே வேலை செய்யுது, குடல் புண்ணும் ஆறுது, வளர்ச்சியும் தடைபடறதில்லை. பெரும்பாலும் அந்தப் பானத்துல இருக்கிற புரதம் எங்கேர்ந்து வருது தெரியுமா? பால்லேர்ந்து! முழுப் பால் புரதம் இருக்கிற பானத்தையும், புரதத்தைத் துண்டு துண்டா அமினோ அமிலமா உடைச்ச பானத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தா பலன்ல பெரிய வித்தியாசம் இல்லை. பால் அலர்ஜிதான் நோய்க்குக் காரணம்னா, பால் புரதத்தை மட்டுமே குடிச்சு எட்டு வாரத்துல எப்படிச் சரியாகும்?

அதுக்காக சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்ல வரலை. சம்பந்தம் இருக்கு. சில உணவுகளை விலக்கி, பாதி பானம் பாதி சாப்பாடுன்னு கொடுக்கிற முறை குழந்தைகளுக்கு நல்லா வேலை செய்யுதுன்னு 2019-ல வந்த ஆய்வு காட்டுச்சு. ஆனா அந்த உணவுப் பட்டியலை யாரும் எந்தப் பையனோட ரத்தத்துலேர்ந்தும் எடுக்கலை. எல்லாருக்கும் பொதுவான பட்டியல். ஊசியே வேண்டாம். உணவு ஆலோசகர் ஒருத்தர் பக்கத்துல இருந்தாப் போதும்.

பாலைப் பத்தி இன்னொரு குழப்பம். குடல்ல புண் இருக்கும்போது பாலோட சர்க்கரையைச் செரிக்கிற நொதி குறைஞ்சு போகலாம். பால் குடிச்சா வயிறு உப்பும், பேதியாகும். இது அலர்ஜி இல்லை, லாக்டோஸ் சமாச்சாரம். இதைக் கண்டுபிடிக்க ஊசி வேண்டாம். லாக்டோஸ் கரைச்ச தண்ணியைக் குடிக்க வச்சு, ரெண்டு மூணு மணி நேரம் அப்பப்போ ஒரு கருவியில ஊதச் சொல்வாங்க, மூச்சுல ஹைட்ரஜன் ஏறுதான்னு பார்ப்பாங்க. அதுவும் வேண்டாம்னா ரெண்டு வாரம் பாலை நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்க்கலாம். தயிர் பல பேருக்கு ஒத்துக்கும். பால் அலர்ஜின்னு முத்திரை குத்திட்டா தயிர் சாதமும் சேர்ந்து போயிடும். தமிழ்நாட்டுப் பிள்ளைக்குத் தயிர் சாதத்தைப் பிடுங்குறது என்னைப் பொறுத்தவரைக்கும் மனித உரிமை மீறல் :-)

குடல்ல வீக்கம் எப்படி இருக்குன்னு அடிக்கடி பார்க்கிறதுக்குக்கூட ஊசியில்லாத வழி ஒண்ணு உண்டு. மலத்துல கால்ப்ரொடெக்டின்னு ஒரு புரதத்தை அளக்கிறாங்க. ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழன்னா நிம்மதி, 250-ஐத் தாண்டினா குடல்ல தீ எரியுதுன்னு சந்தேகப்படணும். எல்லா ரத்தப் பரிசோதனைக்கும் இது மாத்து இல்லைதான். ஆனா சில குத்தலை மிச்சம் பிடிக்கும். டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போற அப்பாவுக்குத்தான் கொஞ்சம் சங்கடம், பையனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

*

"ஒரே ஒரு ஊசிதானே, எடுத்துட்டுப் போங்களேன், இதுக்கு எதுக்கு இவ்வளவு நீளமா?"ன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். எடுத்தா என்ன நஷ்டம்?

பணத்தை விடுங்க. நஷ்டம் ரிசல்ட் வந்த அன்னைக்குத்தான் ஆரம்பிக்குது. பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, பருப்புல ஏதோ ரெண்டுன்னு சிவப்புல வரும். எந்த அம்மாவுக்குத்தான் சிவப்புல போட்ட ஒண்ணை ஊட்ட மனசு வரும்? ஏற்கெனவே எடை ஏறாத பையன். க்ரோன்ஸும் ஸ்டீராய்டும் சேர்ந்து எலும்பைக் கரைக்கிற பையன். அவன் தட்டுலேர்ந்து கால்சியத்தையும் புரதத்தையும் ஒண்ணொண்ணா எடுத்துடறோம். ஸ்கூல்ல பக்கத்துல உக்காந்திருக்கிறவன் டப்பாவுல கை வைக்கக்கூடாது, பிறந்தநாள் கேக் கூடாது. மூணு மாசம் கழிச்சு உயரம் அளந்தா அங்கேயே நிக்கும். அப்ப யாரும் அந்த லேப் நோட்டீஸைத் திட்ட மாட்டாங்க, நோய் முத்திடுச்சுன்னுதான் சொல்வாங்க.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. "காரணம் கிடைச்சாச்சு, சாப்பாட்டை மாத்தினா போதும்"னு மருந்தை நிறுத்துறது. க்ரோன்ஸ்ல வெளிய அமைதியா தெரியும்போதே உள்ள குடல் சுருங்கிக்கிட்டு வரலாம். கடைசியில கத்தி வைக்க வேண்டியதாப் போயிடும். ஒரு தப்பான பதில், பதிலே இல்லாம இருக்கிறதைவிட மோசம்.

*

அப்ப அலர்ஜி டெஸ்டே வேண்டாமா? வேணும். கேள்வி இருந்தா வேணும். இதுக்கும் எங்க வீட்டுலயே உதாரணம் இருக்கு.

அக்கா பேக்கேஜை விட்டுட்டு, ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி மூணு வாரம் எழுதினா. என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு, அப்புறம் என்ன ஆச்சு. குடல் டாக்டர் அதை நிதானமாப் புரட்டிப் பார்த்துட்டு கேட்டார்: "சாப்பிட்ட ரெண்டு மணி நேரத்துக்குள்ள தடிப்பு, வீக்கம், வாந்தி ஏதாவது எப்பவாவது வந்திருக்கா?" அக்காவுக்கு அப்பதான் ரெண்டு சம்பவம் ஒண்ணாச் சேர்ந்தது. ஒரு கல்யாண வீட்டுலயும், அதுக்கு முன்னாடி ஒரு தடவை வீட்டுலயும், இறால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல உதடு வீங்கி உடம்பு தடிச்சிருக்கு. வயித்துவலி பரபரப்புல அது யாருக்கும் பெருசாத் தெரியலை.

இப்ப ஒரு கேள்வி கிடைச்சாச்சு: இறால் அலர்ஜியா? ஆமான்னா இறாலை விட்டுடணும், அவசரத்துக்கு மருந்து கையில இருக்கணும். இல்லைன்னா டாக்டர் முன்னாடி சாப்பிட வச்சுப் பார்க்கணும். ரெண்டுக்கும் ரெண்டு வழி. அலர்ஜி டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. அவர் தோல்ல பார்க்கிற ப்ரிக் டெஸ்ட் சொன்னார்.

அது நாம நினைக்கிற ஊசி இல்லை. முன்கையில சொட்டு மருந்து வச்சு, அதுக்கு மேல ஒரு சின்னக் கூர்முனையால லேசாக் குத்துவாங்க. மேல்தோல் மட்டும்தான், நரம்பு தேடுற வேலை இல்லை, ரத்தம் உறிஞ்சுறதும் இல்லை. பதினஞ்சு இருபது நிமிஷத்துல கொசுக்கடி மாதிரி வீங்குதான்னு அளப்பாங்க. வெறும் உப்புத்தண்ணி வச்ச இடத்தைவிட 3 மில்லிமீட்டர் பெருசா இருந்தா பாசிட்டிவ். சில நாளைக்கு முன்னாடியே அலர்ஜி மாத்திரையை நிறுத்தியிருக்கணும், இல்லைன்னா வீங்காது. அபூர்வமா உடம்பு முழுக்க எதிர்வினை வரலாம், அதனால வசதியுள்ள இடத்துலதான் செய்யணும்.

மருமகனுக்கு நாலே புள்ளி. இறால், நண்டு, உப்புத்தண்ணி, கட்டாயம் வீங்க வேண்டிய ஹிஸ்டமின். "இது ஊசியா மாமா?"ன்னு கேட்டான். "கூர்மையா இருக்கும், ஆனா உள்ள போகாது. நாலு தடவை சுருக்குன்னு இருக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் அரிக்கும், சொறியக்கூடாது, அதான் கஷ்டம்"னேன். முதல் குத்துக்குக் கண்ணை மூடிக்கிட்டான். நாலாவதுக்குத் திறந்து பார்த்தான். இறால் நல்லா வீங்குச்சு, நண்டு பேருக்குக் கொஞ்சம். இறாலும் நண்டும் வீட்டை விட்டுப் போச்சு. பால், முட்டை, கோதுமை, கடலை, தயிர் சாதம் எல்லாம் தட்டுல அப்படியே இருக்கு. இறாலை நிறுத்தினதால க்ரோன்ஸ் போயிடலை. அது வேற கணக்கு, அதுக்கான மருந்து அதுபாட்டுக்கு ஓடுது.

*

கடைசியா அந்த ஊசியைப் பத்தி. தேவையான ஊசியையும் மோசமாக் குத்தலாம். நாம அதுல கில்லாடிங்க.

நாலு பேர் சேர்ந்து பிள்ளையை மல்லாக்கப் படுக்க வச்சு, கையைக் காலைப் பிடிச்சு அமுக்கி, "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல, வலிக்கவே வலிக்காது"ன்னு பொய் சொல்லிக்கிட்டே குத்துறது. இதைப் பாசம்னு நினைக்கிறோம். அடுத்த தடவை அவன் நம்மளையும் நம்ப மாட்டான். அதைவிடக் கொடுமை, சோறு சாப்பிடலைன்னா "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்"னு மிரட்டுறது. ஊசியைத் தண்டனையாக்கிட்டு, அப்புறம் அதுக்கே சிரிச்சுக்கிட்டுக் கை நீட்டுன்னா எப்படி நீட்டுவான்?

தடுப்பூசி போடும்போது வலியைக் குறைக்கிறது எப்படின்னு உலக சுகாதார நிறுவனமே 2015-ல வழிகாட்டி வெளியிட்டிருக்கு. அதுல இருக்கிறது எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. அம்மா அப்பா பக்கத்துல இருக்கணும், சின்னப் பிள்ளைன்னா மடியில வச்சுக்கலாம், படுக்க வைக்காம உக்கார வைக்கலாம், வயசுக்கேத்த மாதிரி கவனத்தைத் திருப்பலாம். அதோட மரத்துப்போகிற களிம்பு ஒண்ணு இருக்கு. லிடோகெய்னும் பிரிலோகெய்னும் 2.5 சதவீதம் கலந்தது, நம்ம ஊர் மருந்துக்கடையிலயே கிடைக்குது. டாக்டர்கிட்ட கேட்டுட்டு, குத்தப்போற இடத்துல ஒரு மணி நேரம் முன்னாடி தடவி, மேல ஒட்டுத்தாள் போட்டு மூடணும். அந்த ஒரு மணி நேரம்தான் நம்ம ஆஸ்பத்திரிகள்ல யாருக்கும் இல்லை. அதனால இப்பல்லாம் அக்கா வீட்டுலயே தடவிக் கூட்டிட்டுப் போறா. நாலு டெஸ்டுக்கு நாலு தடவை குத்தாம ஒரே குத்தலுல எடுக்க முடியுமான்னும் கேட்கிறா. பல தடவை முடியுது. நாம கேட்காத வரைக்கும் யாரும் சொல்றதில்லை.

நம்ம ஊர்ல டாக்டர்கிட்ட கேள்வி கேட்டா மரியாதைக் குறைச்சல்னு ஒரு நினைப்பு இருக்கு. எங்களுக்குக் கிடைச்ச டாக்டர் கேட்டதும் உக்கார வச்சுச் சொன்னார். மூஞ்சியைச் சுளிக்கிறவங்களும் இருப்பாங்க. சுளிச்சா சுளிக்கட்டும். எந்த டெஸ்டா இருந்தாலும் இந்த நாலைக் கேளுங்க:

1. இந்த டெஸ்ட் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்?
2. 'இருக்கு'ன்னு வந்தா என்ன மாத்துவோம், 'இல்லை'ன்னு வந்தா என்ன மாத்துவோம்?
3. ஊசி இல்லாம இதே பதில் கிடைக்குமா? மலம், மூச்சு, நோட்டு, கொஞ்சநாள் விலக்கிப் பார்க்கிறது?
4. ஊசிதான் வழின்னா, களிம்பு தடவ ஒரு மணி நேரம் கிடைக்குமா, இன்னொரு டெஸ்டோட சேர்த்து எடுக்கலாமா?

நாலுக்கும் பதில் இருந்தா தயங்காம எடுங்க. ஒண்ணாவதுக்கே பதில் இல்லைன்னா பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க.

உங்க வீட்டுலயோ தெரிஞ்ச வீட்டுலயோ இப்படி ஊசிக்குப் பயப்படுற வாண்டு இருந்தா, எப்படிச் சமாளிச்சீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பதிவுலகத்துல டாக்டருங்க யாராவது படிச்சா, நான் எழுதினதுல ஓட்டை இருந்தா தாராளமா அடிச்சுத் திருத்துங்க. அடுத்த மாசம் ட்ரிப் இருக்கு, அதுக்குள்ள நல்ல யோசனை வந்தா அவனுக்கு உதவும்.